எழுதப்பட்ட பெயரும் எழுதப்படாத கூலியும்

(பொன்விழாவையொட்டி ஷா ஆலமில் நடந்த குடும்ப தினக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பொன்விழா மேடையில் சங்கத்தின் சாதனைகளைச் சொல்வது வழக்கம். அதைச் சொல்லத் தகுதி படைத்தவர்கள் எனக்கு முன்னும் பின்னும் பேசுகிறார்கள். மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது, நம் முன்னோர் வாழ்ந்த காலத்திலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துச் சொல்லும்படி. நான் எடுத்துக்கொண்டது ஒரு கணக்கு விவகாரம். போரில் பிடிபட்டவனுக்குச் சம்பளம் உண்டா? உண்டென்றால் யார் கொடுக்க வேண்டும்? கொடுக்காமல் விட்டால் அவன் பிள்ளைகள் எதைக் காட்டிக் கேட்பது?

இது பழங்கதைதானே என்று சிலர் நினைக்கலாம். நம்மில் பல குடும்பங்கள் கடை வைத்துப் பிழைத்தவை. பற்று வரவு என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏட்டில் இருக்கிற கடனைப் பத்து வருடம் கழித்தும் கேட்கலாம். ஏட்டில் இல்லாத கடனை மறுநாளே கேட்க முடியாது. ஜப்பான்காரன் காலத்தில் இந்த மண்ணில் நடந்ததையும் இந்த ஒரு விதியை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

பிடிபட்டாலும் சம்பளம் நிற்காது

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17ஆம் தேதி, ஃபேரர் பார்க் திடலில் இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே பிரித்துத் திரட்டினார்கள். ஏறத்தாழ 45,000 பேர் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கோத்தா பாருவிலும் ஜித்ராவிலும் கம்பாரிலும் சிலிம் ரிவரிலும் போரிட்டுப் பின்வாங்கி வந்தவர்கள் அவர்கள். பஞ்சாபிகள், டோக்ராக்கள், கூர்க்காக்கள் அதிகம். பாலம் கட்டுவது, பாலத்தைத் தகர்ப்பது போன்ற வேலைகளுக்காகப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தின் கம்பெனிகளும் வந்திருந்தன. அதில் நம் தமிழ் மக்கள் இருந்தார்கள்: இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்துவர்கள்.

பட்டாளத்துச் சம்பளத்தின் முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிப்பாய் பிடிபட்டாலும் வேலையை விட்டவன் ஆகமாட்டான். அவன் பெயர் படையின் ஏட்டில் இருக்கிறவரை அவன் சம்பளமும் ஏறிக்கொண்டே போகும். சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரில் இருக்கும் தாய்க்கோ மனைவிக்கோ ஒதுக்கி வைக்கும் வழக்கமும் உண்டு. அவன் சிங்கப்பூர் முகாமில் பட்டினி கிடந்தாலும், அவன் ஏடு இந்தியாவில் ரெஜிமெண்ட் தலைமையகத்தில் பத்திரமாக இருந்தது. ஜப்பான்காரன் ஆளைத்தான் பிடித்தான், ஏட்டைப் பிடிக்கவில்லை.

அடுத்தது, பிடித்து வைத்தவன் கொடுக்க வேண்டிய கூலி. 1929ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கைப்படி, போர்க்கைதியை வேலை வாங்கினால் கூலி கொடுக்க வேண்டும். அதிகாரிகளுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். யார் யார் கைதியாக இருக்கிறார்கள் என்ற பட்டியலையும் எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்க வேண்டும். ஜப்பான் அதில் கையெழுத்துப் போட்டது, ஆனால் தன் நாட்டில் அங்கீகரிக்கவில்லை. இருந்தாலும் சயாம் முகாம்களில் வேலை செய்த கைதிகளுக்கு நாளுக்குச் சில காசு கொடுத்தார்கள். அதிகாரிகள் தங்களுக்குக் கிடைத்ததில் ஒரு பங்கைப் பொதுவில் போட்டு, நோயாளிகளுக்கு முட்டையும் மருந்தும் வாங்கினார்கள். காசு அற்பம்தான். ஆனாலும் கூலி என்று ஒன்று உண்டு என்பதையும் வாங்கியவன் பெயர் ஒன்று உண்டு என்பதையும் அந்த அற்பக் காசு பதிவு செய்தது.

சாங்கியில் எழுதப்பட்ட அட்டைகள்

பதிவு தானாக வந்துவிடவில்லை. அதற்காக ஆட்கள் உழைத்தார்கள். சாங்கி கைதி முகாமில் பதிவு, விசாரணைப் பிரிவு என்று ஒன்று நடந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் தொண்டர் படையைச் சேர்ந்த கேப்டன் டேவிட் நெல்சன் என்பவர் அதை நடத்தினார். எந்த ஆள் எந்தப் படைப்பிரிவு, எந்தக் கூட்டத்தோடு எங்கே அனுப்பப்பட்டான், எங்கே இறந்தான் என்று அட்டைகளில் எழுதி வைத்தார்கள். காகிதம் கிடைக்காத காலம், நாளைக்கு நாமே இருப்போமா என்று தெரியாத காலம் அது. அந்த நிலையிலும் ஒவ்வொரு நாளும் எழுதினார்கள்.

அதன் பலனை நீங்கள் இன்றைக்கும் காஞ்சனபுரியில் பார்க்கலாம். அங்கே உள்ள பெரிய போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். காட்டுப் பாதை நெடுகச் சிதறிக் கிடந்த கல்லறைகளைப் போர் முடிந்ததும் தேடிப் போய்ச் சேர்த்தார்கள். எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முகாம்களில் இருந்தவர்கள் ஒளித்து ஒளித்து எழுதிய குறிப்புகள் வழி காட்டின.

இந்தியச் சிப்பாய்களின் பக்கத்திலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். அவர் பெயர் சிந்த் சிங். குவாந்தானில் போரிட்ட பிராண்டியர் போர்ஸ் பட்டாளத்தைச் சேர்ந்தவர். பிடிபட்ட பிறகு நியூ கினிக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியக் கைதிகளில் அவரும் ஒருவர். அங்கே போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. 1945 செப்டம்பர் இறுதியில் ஆஸ்திரேலியர்கள் மீட்ட ஒரு சிறு கூட்டத்தில் அவரோடு சேர்த்து 11 பேர் இருந்தார்கள். நாடு திரும்பும் வழியில் விமானம் விழுந்து மற்ற 10 பேரும் இறந்தார்கள். போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்வதற்காகச் சிந்த் சிங் அங்கேயே தங்கியிருந்தார். அதனால் உயிர் பிழைத்தார். யார் எப்படி இறந்தார்கள் என்று விசாரணையில் எடுத்துச் சொல்ல அந்தக் கூட்டத்தில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான்.

ஒரு சிப்பாய் எப்போது இறந்தான் என்ற தேதி தெரியாமல் அவன் மனைவியின் கணக்கை முடிக்க முடியாது. சம்பளம் எந்த நாள் வரைக்கும், விதவைக்கு உதவி எந்த நாளிலிருந்து என்பதெல்லாம் அந்தத் தேதியைப் பொறுத்தது. பட்டாளத்தில் பதிவு என்பது புகழுக்கு அல்ல. ஊரில் ஓர் அடுப்பு எரிவதற்கு.

பெயர் இருந்தும் பணம் போனவர்கள்

ஏட்டில் பெயர் இருந்தால் போதும், எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஃபேரர் பார்க்கில் நின்ற சிப்பாய்களில் பல ஆயிரம் பேர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் நம் தமிழ் மக்களும் சேர்ந்தார்கள். 1943 அக்டோபர் 21ஆம் தேதி நேதாஜி சிங்கப்பூரில் அறிவித்த தற்காலிக அரசின் ஆலோசகர்களில் ஒருவர் தமிழ் முஸ்லிமான கரீம் கனி. இன்னொருவர் ஜான் திவி. அவரே 1946இல் ம.இ.கா.வின் முதல் தலைவர் ஆனார். ஆக, இது வேறு யாருடைய வரலாறோ அல்ல.

போர் முடிந்ததும் பிரிட்டிஷார் அந்தச் சிப்பாய்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். வெள்ளை என்று குறிக்கப்பட்டவன் பழைய வேலைக்கும் பாக்கிச் சம்பளத்துக்கும் உரியவன். கறுப்பு என்று குறிக்கப்பட்டவனுக்கு வேலையும் போனது, கைதியாக இருந்த காலத்துச் சம்பள பாக்கியும் போனது. 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர்மீது வழக்கு நடந்தது. ஆயுள் முழுக்க நாடு கடத்தல், பதவி நீக்கம், சம்பள பாக்கி பறிமுதல் என்று மூன்று தண்டனைகள். நாடே கொதித்தது. 1946 ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் நாடு கடத்தலை நீக்கினார். ஆனால் மற்ற இரண்டையும் அப்படியே வைத்தார். ஆளை விடுதலை செய்தார், பணத்தை விடவில்லை. அந்தப் பணத்தைப் பறிப்பதே ஒரு தண்டனையாக இருந்தது என்றால், அது அவர்களுக்கு உரிய பணம் என்பதைப் பறித்தவனே ஒப்புக்கொண்டான் என்றுதானே பொருள்?

பின்னர் 1972இல் இந்திய அரசு விடுதலைப் போராட்டத் தியாகிகளுக்கு ஓய்வூதியம் அறிவித்தது. இந்திய தேசிய ராணுவத்தினருக்கும் அதில் இடம் கிடைத்தது. அங்கேயும் கேள்வி ஒன்றுதான்: நீ சிறையில் இருந்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்? சிறை ஏடு கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி வைத்தார்கள். உன்னோடு சிறையில் இருந்த இரண்டு பேர் சான்று கொடுக்கட்டும் என்றார்கள். இரண்டு சாட்சிகள் என்ற இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

ஐம்பது வருடம் கழித்துத் திறந்த ஏடு

1951ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையின்படி, நடுநிலை நாடுகளில் இருந்த ஜப்பானியச் சொத்துகளைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக முன்னாள் போர்க்கைதிகளுக்குப் பகிர்ந்தார்கள். பிரிட்டிஷ் கைதி ஒருவருக்குக் கிடைத்தது சுமார் 76 பவுன். மூன்றரை வருட நரகத்துக்கு அவ்வளவுதானா என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கனடா 1998இல் கூடுதலாகக் கொடுத்தது. பிரிட்டன் 2000ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி, உயிரோடு இருக்கும் கைதிக்கோ அவர் துணைவருக்கோ 10,000 பவுன் என்று அறிவித்தது. 2001இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கொடுத்தன.

பிரிட்டனின் அறிவிப்பில் ஒரு சிறு வாசகம் இருந்தது. காலனிப் படைகள், இந்தியப் படை, பர்மியப் படை ஆகியவற்றில் இருந்தவர்களுக்கும் உண்டு; ஆனால் 1950களில் பிரிட்டிஷ் ஏற்பாட்டில் இழப்பீடு பெற்றவராக இருந்தால் மட்டுமே. எண்ணிப் பாருங்கள். 1950களில் ஒரு குமாஸ்தா எழுதிய பட்டியல், 2000ஆம் ஆண்டில் 10,000 பவுன் யாருக்கு என்று தீர்மானித்தது! அன்றைக்கு ஒரு மனுவை எழுதிப் போட்டவன் குடும்பம் உள்ளே. எழுதத் தெரியாமல் விட்டவன் குடும்பம் வெளியே.

கூர்க்காக்கள் அந்தத் திட்டத்துக்கு வெளியே விடப்பட்டார்கள். அவர்களில் மூன்று முதியவர்கள் லண்டன் உயர்நீதிமன்றம் போனார்கள். 2002 நவம்பரில், அவர்களை ஒதுக்கியது நியாயத்துக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பு வந்தது. அரசு மனம் மாறியது.

நம் பக்கத்து நாட்டின் கதை இன்னும் நீளமானது. டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியப் படையில் இருந்தவர்களும் அரசு ஊழியர்களும் 1942 மார்ச் முதல் ஜப்பானியர் பிடியில் இருந்தார்கள். அந்தக் காலச் சம்பளத்தைக் கேட்டபோது, அது இந்தோனேசியாவின் பொறுப்பு என்றது டச்சு அரசு. இந்தோனேசியா டச்சு அரசைக் கைகாட்டியது. 70 வருடம் ஓடியது. 2015இல் நெதர்லாந்து அரசு ஒருவருக்கு 25,000 யூரோ என்று ஒப்புக்கொண்டது. நிபந்தனை: 2015 ஆகஸ்ட் 15ஆம் தேதி உயிரோடு இருந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே கண்ணை மூடிய பல்லாயிரம் பேருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ஆனாலும் 70 வருடம் கழித்தாவது அந்தப் பேச்சு நடந்ததற்குக் காரணம், இன்னார் இன்ன பதவியில் இன்ன சம்பளத்தில் இருந்தார் என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை.

செக்ரோலை விட்டுப் போனவர்கள்

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஷா ஆலம், மாநகராகும் முன் சுங்கை ரெங்கம் தோட்டம். கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் இப்படி ரப்பர்த் தோட்டங்கள்தான். தோட்டத்தில் ஒவ்வொரு காலையும் பெரட்டு. கிராணி பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறிப்பார். அந்தக் குறிதான் மாதக் கடைசியில் கூலி. ஒரு நாள் குறி விடுபட்டால் ஒரு நாள் கூலி போச்சு. தோட்டத்துச் சனங்களுக்கு ஆவணத்தின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1943இல் சயாம், பர்மா ரயில் பாதை வேலைக்கு ஆள் வேண்டுமென்று ஜப்பானியர்கள் தோட்டம் தோட்டமாகக் கணக்குப் போட்டுக் கேட்டார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, சில மாதத்தில் திரும்பலாம் என்று சொன்னார்கள். சிலர் நம்பிப் போனார்கள், பலரைப் பிடித்துப் போனார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் போனதாகக் கணக்கு, பெரும்பாலோர் தமிழர்கள். பான் போங்கிலிருந்து தான்பியுசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் இணைந்தன. காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் கொண்டுபோன உயிர்கள் எத்தனை? நேசநாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஆசியத் தொழிலாளர்களைப் பற்றிக் கேட்டால் ஒரு மதிப்பீட்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே பல்லாயிரம் வித்தியாசம். அந்த வித்தியாசத்துக்குள் விழுந்து கிடப்பவர்கள் மனிதர்கள், யாரோ ஒருவரின் அத்தா, யாரோ ஒருவரின் அப்பா.

ஏன் இந்த வித்தியாசம்? கைதி முகாமில் அதிகாரி இருந்தார், டாக்டர் இருந்தார், பெயர்ப் பட்டியல் எழுதப் படித்தவர்கள் இருந்தார்கள். கூலிக் கூட்டத்துக்கு அப்படி ஓர் அமைப்பு இல்லை. லாரி ஏறிய நாளோடு தோட்டத்துச் செக்ரோலில் பெயர் நின்றது. சயாமில் புது ஏட்டில் யாரும் முழுதாக ஏற்றவில்லை. இரண்டு ஏடுகளுக்கும் நடுவில் ஒரு தலைமுறை விழுந்துவிட்டது.

உயிரோடு திரும்பியவர்கள் கையில் இருந்ததோ ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வந்ததும் அது செல்லாக் காசு. அன்றைக்கு மூட்டை மூட்டையாக நோட்டு வைத்திருந்தவர்கள் அதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தார்கள்.

இங்கே இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த மூன்றரை வருடத்தில் தனி மனிதர்களுக்குள் நடந்த கடன்களை எப்படித் தீர்ப்பது என்று 1948இல் ஒரு சட்டம் வந்தது. ஜப்பான் காலத்துக் கடனாளி, கடன் கொடுத்தோர் சட்டம் அது. எந்த மாதத்து வாழைமர நோட்டு எத்தனை மலாயா வெள்ளிக்குச் சமம் என்று ஓர் அட்டவணையே அதில் இருந்தது. வியாபாரி தன் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போக முடிந்தது. ரயில் பாதைக்கும் ஏடு இருந்தது. நம் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளத்தைப் பிடுங்கித்தானே சயாமுக்குக் கொண்டுபோனார்கள்? போருக்குப் பிறகு தாய்லாந்து அரசு தன் எல்லைக்குள் இருந்த பாதையை 12,50,000 பவுனுக்கு வாங்கியது. தளவாடத்தை இழந்த நாடுகளுக்கு ஈடுகட்டுவதற்கென்று அந்தப் பணம். எத்தனை மைல் தண்டவாளம், எத்தனை பெட்டி என்று கணக்கு இருந்ததால் கேட்க முடிந்தது. தண்டவாளத்துக்கு இருந்த கணக்கு, அதைச் சுமந்த தோளுக்கு இல்லை.

பின்னர் அரசுகள் தங்களுக்குள் முடித்துக்கொண்டன. 1952 ஜூன் 9ஆம் தேதி இந்தியா ஜப்பானோடு தனி உடன்படிக்கை செய்தது. இழப்பீடு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தது. 1967 செப்டம்பர் 21ஆம் தேதி மலேசியாவும் ஜப்பானும் கையெழுத்திட்டன. 25 மில்லியன் வெள்ளி, கடலோடும் சரக்குக் கப்பல்களாக வந்தது. நாட்டின் கப்பல் தொழிலுக்கு அது உதவியது. ஆனால் சயாமில் ஒரு வருடம் மண் சுமந்தவன் மனைவியின் கையில் ஒரு காசும் சேரவில்லை. சேர்க்க வேண்டுமென்று யாராவது நினைத்திருந்தாலும், யாரிடம் சேர்ப்பது என்று சொல்ல ஒரு பட்டியல் இல்லை. திரும்பி வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பல காலம் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். அண்மையில்தான் காஞ்சனபுரியில் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் எழுந்தது. அதை எழுப்பியவர்களை வாழ்த்துவோம். ஆனால் அத்தனை ஆயிரம் பேரின் பெயரையும் அதில் செதுக்க முடிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!

நமக்கு இடப்பட்ட கட்டளை

திருக்குர்ஆனின் ஆக மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் நம் பிள்ளைகள் பலர் தொழுகையைப் பற்றி என்பார்கள், நோன்பைப் பற்றி என்பார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணை குறித்த கடன் என்றால் எழுத வேண்டும், எழுதுகிறவன் நியாயமாக எழுத வேண்டும், சிறிய தொகைதானே என்று சலித்துவிடக் கூடாது, சாட்சிகளை வைக்க வேண்டும் என்று விரிகிறது அதன் கருத்து. இரண்டு சாட்சிகள் என்று சொன்னேன் அல்லவா? 1972இல் டில்லி அதிகாரிகள் கேட்ட அதே எண்ணிக்கை. உழைத்தவனுக்குத் தாமதிக்காமல் கூலி கொடுக்கச் சொல்லும் நபிமொழியும் நாம் அறிந்ததே. ஒருவர் மௌத்தானால் சொத்தைப் பங்கு வைக்கும் முன் அவர் கடனைத் தீர்க்க வேண்டும் என்பதும் மார்க்கச் சட்டம். அந்தக் கடன் எவ்வளவு, யாருக்கு என்று தெரியாமல் எப்படித் தீர்ப்பது?

எழுதுவது என்பது எழுத்தாளர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அது அமானிதம். பலமில்லாதவனின் உரிமை அந்தக் காகிதத்தில்தான் உயிரோடு இருக்கிறது. பலசாலிக்குக் காகிதம் தேவையில்லை. அவன் குரலே போதும்.

இனி என்ன செய்யலாம்

பேச்சோடு கலைந்துவிடாமல் நான்கு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, வீட்டில் இருக்கும் காகிதத்தைத் தேடுங்கள். பட்டாளத்துச் சம்பளப் புத்தகம், விடுவிப்புச் சான்று, ஊருக்கு அனுப்பிய மணியார்டர் துண்டு, பழைய சிவப்பு அடையாள அட்டை, கப்பல் டிக்கெட், கடைப் பேரேடு, தோட்டத்துச் சம்பளத் துண்டு, படம் எதுவானாலும் சரி. பிஸ்கட் டின்னிலும் அலமாரி மேல் தட்டிலும் இருக்கும். வீடு மாறும்போதும், பெரியவர் மௌத்தான பிறகு அறையைச் சுத்தம் செய்யும்போதும்தான் இவை குப்பைக்குப் போகின்றன. அன்றைக்கு ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

இரண்டாவது, கெடுக்காமல் வையுங்கள். பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. செல்லோடேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த ஊசியையும் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். படத்தின் பின்னால் மை பேனாவால் எழுதாமல் பென்சிலால் மெல்ல எழுதுங்கள்: யார், எங்கே, எந்த வருடம். கைப்பேசியில் படம் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். குடும்பம் விரும்பினால் மூலத்தை அரசிடமும் ஒப்படைக்கலாம். கோலாலம்பூரில் 1957 முதல் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. தனியார் ஆவணங்களையும் அவர்கள் ஏற்றுப் பாதுகாக்கிறார்கள்.

மூன்றாவது, பெயரை முழுதாக எழுதுங்கள். நம் சமூகத்தில் இது பெரிய சிக்கல். முகம்மது என்ற ஒரு பெயரை அந்தக் காலத்து ஏட்டில் ஆறேழு விதமாக எழுதியிருப்பார்கள். ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்ற குடும்பப் பெயர் ஓர் ஏட்டில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. தகப்பன் பெயர், சொந்த ஊர், தாலுகா, இருந்தால் பட்டாள எண் ஆகியவற்றைச் சேர்த்தால்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடியும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு அதில் தகப்பன் பெயரும் ஊரும்கூட இருக்கின்றன. தைப்பிங் போர்க் கல்லறைத் தோட்டத்தில் முஸ்லிம் சிப்பாய்களின் கபர்கள் உள்ளன. சிங்கப்பூர் கிராஞ்சியில் கல்லறை தெரியாத 24,000 பேருக்கு மேல் பெயர் செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது நின்று ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வாருங்கள், பெயர்களையும் படியுங்கள்.

நான்காவது, இது சங்கத்துக்கு. நம் சங்கத்தின் 50 வருடக் கூட்டக் குறிப்புகள், உறுப்பினர் ஏடு, ஜனாஸா உதவிக் கணக்கு, கல்வி நிதிக் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில், ஒரு பட்டியலோடு இருக்க வேண்டும். செயலாளர் மாறும்போது ஏடும் அவரோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாது. பொன்விழாவின் பெயரால் சங்கம் ஒரு குடும்ப ஏட்டைத் தொடங்கட்டும். ஒவ்வொரு உறுப்பினர் குடும்பமும் தன் மூன்று தலைமுறையை ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த வருடம், என்ன தொழில், ஜப்பான் காலத்தில் எங்கே இருந்தார், எங்கே அடக்கமானார். எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யட்டும். பட்டாளத்துக்கோ சயாமுக்கோ போன ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் எழுதுங்கள்.

இதனால் பணம் வருமா என்று கேட்பீர்கள். வராமல் போகலாம். 70 வருடம் கழித்து டச்சுக்காரர்கள் கொடுப்பார்கள் என்றும் யாரும் எதிர்பார்க்கவில்லை. கேட்கிற நாள் ஒன்று வந்தால், கேட்கிறவன் கையில் பெயர் இருக்க வேண்டும். அந்த நாள் வராவிட்டாலும், உழைத்து மடிந்தவர் இன்னார் என்று அவர் பேரப்பிள்ளைக்குத் தெரிவதே ஒரு கடன் தீர்வுதான். அந்த அளவு கடனை நாமே தீர்த்துவிடலாம். அதற்கு எந்த அரசின் கையெழுத்தும் வேண்டாம்.

கூலி வாங்காமல் போன அத்தனை பேருக்கும், அவர்கள் எந்த மதத்தவராக இருந்தாலும், இறைவனிடம் உள்ள ஏட்டில் ஒரு நாள்கூட விடுபட்டிருக்காது என்பது நம் நம்பிக்கை. இங்கே விடுபட்டதை எழுதும் வேலையை நாம் செய்வோம், இன்ஷா அல்லாஹ். மலர்க்குழுவிடம் குடும்ப ஏட்டுக்கான படிவம் இருக்கிறது. வெளியே போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.